விடாத கொக்கி

ஒராஸ்: மூட்டையில என்ன, குர்த் உருண்டையா?

ஷோல்பன்: உங்களுக்கு உப்புத் தயிர் உருண்டையைக் குடுத்துக் கொல்றதுக்கா வந்தேன்? ரொட்டிண்ணே. உப்பு போடாதது.

ஒராஸ்: அல்மாத்தியிலேர்ந்து அஞ்சு மணி நேரம் ரயில்ல உட்கார்ந்து... உப்பு போடாத ரொட்டி.

ஷோல்பன்: நானே சுட்டேன்.

ஒராஸ்: அது இன்னும் மோசம்.

ஷோல்பன்: உடம்பு பாதியாயிடுச்சு, வாய் மட்டும் குறையல.

ஒராஸ்: இந்த மெஷின் ரத்தத்தைத்தான் கழுவுது, வாயைக் கழுவறதில்ல. நிக்காதே, அந்த ஸ்டூலை இழுத்துக்க... இடது பக்கம் வேண்டாம், அது ஊசி குத்தின கை. இந்தப் பக்கம் வா.

கால்யா: யாரும்மா அது? டயாலிசிஸ் ஓடும்போது வெளி ஆள் உள்ள வரக் கூடாது.

ஒராஸ்: வெளி ஆள் இல்ல கால்யா, என் தங்கச்சி. சித்தப்பா பொண்ணு. பெரிய படிப்பு படிச்சவ. கிட்னிக்குள்ள இருக்கிற ஒரே ஒரு புரதத்தைப் பதினாறு வருஷமா உத்துப் பார்த்துக்கிட்டிருக்கா. இன்னும் பார்த்து முடியல.

கால்யா: அரை மணி நேரம், அவ்வளவுதான். ஒராஸ், கையை ஆட்டினீங்கன்னா மெஷினும் கத்தும், நானும் கத்துவேன்.

ஒராஸ்: பார்த்தியா? வாரத்துல மூணு நாள் இந்த நர்ஸம்மாகிட்ட திட்டு. கட்டின பொண்டாட்டி கூட இவ்வளவு திட்டினதில்ல... சரி, எர்சாயின் எப்படி இருக்கான்? உங்க அண்ணன்.

ஷோல்பன்: நல்லா இருக்கான்.

ஒராஸ்: என் கிட்னி?

ஷோல்பன்: அதுவும்... நல்லா இருக்கு.

ஒராஸ்: அவன் மகன் கல்யாணத்துல ஆடின வீடியோ பார்த்தேன். வேர்க்க விறுவிறுக்க ஆடறான். பக்கத்துல ஒருத்தி கிண்ணம் கிண்ணமா பால் தேநீர் ஊத்திக்கிட்டே இருக்கா. எனக்கு ஒரு நாளைக்கு அரைக் கிண்ணம், தெரியுமா? கசாக்குக்காரனுக்கு அரைக் கிண்ணம் தேநீர்! ஜெயில்ல கூட இதைவிடக் கூட ஊத்துவான்.

ஷோல்பன்: அவன் உங்களைப் பார்க்க வரணும்னுதான்...

ஒராஸ்: வர வேண்டாம். வந்து எதைப் பார்ப்பான், என் மூஞ்சியையா, இந்தக் குழாயையா? கிட்னி வாங்கிட்டுப் போய் நாலு வருஷம் ஆச்சு, ரெண்டு தடவை போன் பண்ணான். ரெண்டு தடவையும் குதிரையைப் பத்தியே பேசினான். விடு. நீ எதுக்கு வந்தே, அதைச் சொல்லு.

ஷோல்பன்: சும்மாதான்...

ஒராஸ்: சும்மா வந்தவ ஸ்டூல் நுனியில உட்கார மாட்டா.

ஷோல்பன்: அக்போத்தாவைப் பத்திப் பேசணும்ணே.

ஒராஸ்: என் பொண்ணுக்கு என்ன?

ஷோல்பன்: பதினாலாம் தேதி உங்களுக்குக் கிட்னி குடுக்கப்போறாளாமே. எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க?

ஒராஸ்: சொல்லியிருந்தா? உன்னுதைக் கழட்டிக் குடுத்திருப்பியா?

ஷோல்பன்: என் ரத்தம் உங்களுக்கும் சேராது, எர்சாயின் அண்ணனுக்கும் சேரல. தெரிஞ்சுக்கிட்டே கேட்கறீங்க.

ஒராஸ்: சும்மா கிண்டினேன்... நான் வேண்டாம்னுதான் சொன்னேன் ஷோல்பன். மூணு மாசம் சண்டை. இருபத்திரண்டு வயசு, டீச்சர் வேலைக்குப் போகப்போறா, பிடிவாதம் மட்டும் அப்படியே என்னுது. 'நீங்க எர்சாயின் சித்தப்பாவுக்குக் குடுக்கலாம், நான் உங்களுக்குக் குடுக்கக் கூடாதா'ன்னு கேட்டா. இதுக்கு நான் என்ன பதில் சொல்றது?

ஷோல்பன்: அவ குடுக்கக் கூடாது.

ஒராஸ்: எல்லாம் பார்த்துட்டாங்க. ரத்தம், ஸ்கேன், இதயம்... டாக்டர் சரின்னுட்டார்.

ஷோல்பன்: ஜீன் பார்த்தாங்களா?

ஒராஸ்: அதை எதுக்குப் பார்க்கணும்? அது உங்க வீட்டு வியாதி. பைஜான் சித்தப்பா வீட்டுது. நாங்க தோலெகென் வீடு. எங்க பக்கம் சுத்தம்னு குடும்ப மரம் போட்டுக் குடுத்ததே நீதானே?

ஷோல்பன்: நான்தான்.

ஒராஸ்: மறக்க முடியுமா அதை? எங்க அம்மாவோட முதல் வருஷ நினைவு விருந்து. சொந்தம் மொத்தமும் வந்திருக்கு, கொப்பரையில குதிரைக் கறி கொதிக்குது. இவ ஊசியும் கையுமா வந்து நிக்கறா. 'யாரும் கறியில கை வைக்காதீங்க, முதல்ல ரத்தம்'னு.

ஷோல்பன்: எல்லாரும் ஒரே இடத்துல சிக்கறது விருந்துல மட்டும்தானே.

ஒராஸ்: முப்பத்தொரு குழாய். கறி வைக்கற ஐஸ் பெட்டியில கொண்டுபோய் அடுக்கினே. பெரியவங்க எல்லாம் முறைச்சாங்க. முதல்ல கையை நீட்டினது யாரு? நான். என்னைப் பார்த்துத்தான் மத்தவனுங்க நீட்டினானுங்க.

ஷோல்பன்: ஞாபகம் இருக்குண்ணே.

ஒராஸ்: ஒவ்வொருத்தன்கிட்டயும் ஏழு தலைமுறைப் பேரும் கேட்டு எழுதிக்கிட்டே.

ஷோல்பன்: மத்த நாட்டுல நோயாளி வாயிலேர்ந்து தாத்தா பேரை வாங்கறதுக்குள்ள உயிர் போகும். நம்ம ஆளு அப்பன், தாத்தன், பாட்டன்னு ஏழு பேரையும் மூச்சு விடாம ஒப்பிக்கிறான். எனக்கு ஒரே சந்தோஷம். கேட்டதை அப்படியே மரமா வரைஞ்சேன். அதுதான் நான் பண்ண தப்பு.

ஒராஸ்: என்ன தப்பு?

கால்யா: ஒராஸ், உங்க அழுத்தம் ஏறுது. அப்படி என்ன பேச்சு?

ஒராஸ்: விருந்துச் சாப்பாட்டைப் பத்தி.

கால்யா: பேச்சுல கூட கறி திங்காதீங்க.

ஒராஸ்: போயிட்டாளா? சரி, நீ முதல்ல எனக்கு ஒண்ணு சொல்லு. பதினாறு வருஷமா பார்க்கறியே, அது என்னதான்? நாலு தடவை நீ விளக்கியிருக்கே, நாலு தடவையும் நான் தூங்கிட்டேன்.

ஷோல்பன்: பேச்சை மாத்தறீங்க.

ஒராஸ்: மாத்தல. இன்னிக்குத் தூங்க மாட்டேன், சொல்லு.

ஷோல்பன்: நீங்க ரயில்வேயில என்ன வேலை பார்த்தீங்க?

ஒராஸ்: பெட்டிக்குப் பெட்டி கொக்கி மாட்டறது. மாட்டினது சரியா உட்கார்ந்திருக்கான்னு சுத்தியலால தட்டிப் பார்க்கறது. இருபத்தாறு வருஷம், இதே ஷூ ஊர் ஸ்டேஷன்ல.

ஷோல்பன்: இதுவும் கொக்கிதான். கிட்னியில ரத்தத்தை வடிகட்டற இடத்துல கால் முளைச்ச மாதிரி செல்லுங்க உண்டு. ரத்தக் குழாயைக் காலால கட்டிப் பிடிச்சிட்டு நிக்கும். அந்தக் கால் நிக்கறதுக்கு உள்ளுக்குள்ள கயிறு கயிறா ஓடும். ஒரு கயித்தை அடுத்த கயித்தோட மாட்டற கொக்கி இந்தப் புரதம். ஆக்டினின்னு பேரு.

ஒராஸ்: பார்க்க எப்படி இருக்கும்?

ஷோல்பன்: குச்சி மாதிரி. ரெண்டு சங்கிலி, தலைமாடு கால்மாடா ஒண்ணையொண்ணு ஒட்டிப் படுத்திருக்கும். அதனால ரெண்டு முனையிலயும் ஒரு பிடி.

ஒராஸ்: இந்தப் பக்கம் ஒரு பெட்டி, அந்தப் பக்கம் ஒரு பெட்டி. புரியுது.

ஷோல்பன்: பிடிச்சா மட்டும் போதாது, விடவும் தெரியணும். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் வந்து மோதுது இல்ல, அப்போ கொஞ்சம் விட்டுக்குடுத்துத் திரும்பப் பிடிக்கணும்.

ஒராஸ்: அடடே, இதை முதல் தடவையே இப்படிச் சொல்லியிருந்தா நான் ஏன் தூங்கறேன்? கொக்கியில ஆட்டம் இருக்கணும். ஆட்டம் இல்லாத கொக்கியை மாட்டினா முதல் வளைவுலயே பெட்டி தடம் புரளும்.

ஷோல்பன்: நம்ம வீட்டுக் கொக்கியில ஆட்டம் இல்ல. சங்கிலியில தொள்ளாயிரத்துப் பதினோரு மணி கோத்திருக்கு. அதுல ஒரே ஒரு மணி மாறிப்போச்சு. சும்மா இருக்க வேண்டிய நேரத்துலயும் கயித்தைப் பிடிச்சுத் தொங்குது. பிடிச்சா விடவே மாட்டேங்குது.

ஒராஸ்: நான் லூசாயிடுச்சுன்னுல்ல நினைச்சேன்?

ஷோல்பன்: எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க. லூசாகல, இறுகிப்போச்சு. விறைச்ச கால் எத்தனை நாள் நிக்கும்? ஒண்ணொண்ணா கழண்டு விழுது, விழுந்த இடம் தழும்பாகுது, சத்தெல்லாம் மூத்திரத்துல ஒழுகுது, உடம்புல நீர் கோக்குது. எங்க அப்பாவுக்கு நாப்பத்தஞ்சு வயசுல...

ஒராஸ்: எனக்குச் சொல்றியா? பூட்ஸுக்குள்ள கால் போகாது அவருக்கு. எங்க வீட்டுக்கு வந்தா நான்தான் கத்தியால பூட்ஸைக் கீறி விடுவேன். 'மெதுவாடா, மெதுவாடா'ம்பார்.

ஷோல்பன்: உங்க கால் இப்போ எப்படி இருக்குண்ணே?

ஒராஸ்: போர்வையை இழுக்காதே.

ஷோல்பன்: காட்டுங்க.

ஒராஸ்: விடுன்னா விடு! ஒத்தக் கிட்னி, அதுக்கு மேல ரத்த அழுத்தம், அதனால கெட்டுப்போச்சுன்னு டாக்டரே சொல்லிட்டார்.

ஷோல்பன்: டாக்டர் பார்த்தது நான் வரைஞ்ச மரம். எர்சாயின் அண்ணன் உடம்புல இருக்கிற உங்க கிட்னி ஒழுகுதுண்ணே.

ஒராஸ்: இப்பத்தானே நல்லா இருக்குன்னே?

ஷோல்பன்: பொய் சொன்னேன். வசந்தத்துல நௌரீஸ் பண்டிகையிலேர்ந்து ஒழுகுது. சுத்தமான கிளையிலேர்ந்து வந்த கிட்னி எப்படி ஒழுகும்? அதனால போன மாசம்... உறைபெட்டியில கிடந்த உங்க குழாயை எடுத்துப் பார்த்தேன். உங்க கொக்கியும் அதே கொக்கிதான்.

ஒராஸ்: ம்.

ஷோல்பன்: எனக்கு அந்த மணி மாறல. எர்சாயின் அண்ணனுக்கு மாறியிருக்கு, உங்களுக்கு மாறியிருக்கு. தோலெகென் பெரியப்பா குழாயையும் பார்த்தேன். எண்பத்தொரு வயசு, துளி கூட இல்ல. அவர்கிட்ட இல்லாதது உங்ககிட்ட எப்படி...

ஒராஸ்: மாறினவங்க எல்லாருக்கும் வருமா?

ஷோல்பன்: சிலருக்கு வராமலே போயிடும். கிழவனாகி வேற எதுலயாவது சாவாங்க.

ஒராஸ்: ரெண்டு கிட்னியும் இருந்திருந்தா எனக்கு?

ஷோல்பன்: சொல்ல முடியாதுண்ணே.

ஒராஸ்: வராமலும் போயிருக்கலாம்.

ஷோல்பன்: போயிருக்கலாம்... அண்ணே, நான் இப்போ சொல்லப்போறதைக் கேட்டு என்னைத் திட்டுங்க, அடிங்க. எங்க அம்மா சாகற வரைக்கும் இதை என்கிட்ட சொல்லல. பெரியப்பாவுக்குக் குழந்தை இல்லாம இருந்தப்போ எங்க அப்பாவும் அம்மாவும் முதல் பிள்ளையை...

ஒராஸ்: நாப்பதாம் நாள் கொண்டுபோய்க் குடுத்தாங்க. ஆட்டுத்தோல்ல சுத்தி. மழை பெஞ்சுதாம்.

ஷோல்பன்: ...உங்களுக்குத் தெரியுமா?

ஒராஸ்: பதினோரு வயசுலேர்ந்து.

ஷோல்பன்: யார் சொன்னா?

ஒராஸ்: யார் சொல்லணும்? உங்க அம்மா வருஷா வருஷம் குளிர் தொடங்கறதுக்கு முன்னாடி எனக்குப் பூட்ஸ் வாங்கிட்டு வருவாங்க. அளவு கேட்டதே இல்ல, ஒரு தடவை கூட தப்பினதில்ல. என் நெத்தியை மோந்து பார்ப்பாங்க, உடனே எழுந்து வெளிய போயிடுவாங்க. சித்திக்காரி எதுக்கு அழணும்? அந்த வயசுல எனக்கு மூளை வேலை செஞ்சுது, உன்னை மாதிரி லேப் வேண்டியிருக்கல.

ஷோல்பன்: ஒருத்தர்கிட்ட கூடவா கேட்கல?

ஒராஸ்: குடுத்தவங்க 'என் பிள்ளை'ன்னு சொல்லக் கூடாது. வளர்ந்தவன் 'எனக்குத் தெரியும்'னு சொல்லக் கூடாது. ஊர் மொத்தத்துக்கும் தெரியும், ஒரு நாய் வாயைத் திறக்காது. நீ கசாக்குக்காரிதானே, புதுசா கேட்கற மாதிரி கேட்கறே?

ஷோல்பன்: ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர் கேட்டாரே! அப்போவாவது...

ஒராஸ்: கேட்டார். ஏழு பேரையும் ஒப்பிச்சேன். பைஜானும் தோலெகெனும் அண்ணன் தம்பிதானே, ஏழு பேருல ஆறு பேரு சரி. முதல் பேரு ஒண்ணுதான்... எனக்கு அதுவும் சரிதான். அப்பா வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருந்தார், தொப்பியைக் கழட்டி முழங்கால்ல வச்சுக்கிட்டு. கதவு திறந்து கிடந்துது. எழுபத்தேழு வயசு மனுஷன். அவர் காதுபட 'நான் பைஜான் மகன்'னு சொல்லச் சொல்றியா?

ஷோல்பன்: கதவைச் சாத்தச் சொல்லியிருக்கலாமே அண்ணே! ஒரு கதவு!

ஒராஸ்: சாத்தினா அவருக்குப் புரியாதா, எதுக்குச் சாத்தறாங்கன்னு?

ஷோல்பன்: உங்க உயிர்ணே அது!

ஒராஸ்: நான் எர்சாயின் உயிருன்னு நினைச்சேன். என் தம்பி. கூடப் பிறந்தவன். ஐம்பது வருஷத்துல ஒரு தடவை அவனைப் பார்த்து வாய் திறந்து அப்படிச் சொன்னதில்ல, சொல்லவும் முடியாது. கிட்னியையாவது குடுப்போம்னு குடுத்தேன். அவன் குதிரையைப் பத்திப் பேசறான்.

ஷோல்பன்: பயமே இல்லையா உங்களுக்கு? சித்தப்பா... எங்க அப்பா செத்த விதம் தெரியுமே. அதே ரத்தம்னும் தெரியும். எப்படித் துணிஞ்சீங்க?

ஒராஸ்: பயம் இல்லாமலா? ராத்திரியெல்லாம் காலை அமுக்கி அமுக்கிப் பார்ப்பேன், குழி விழுதான்னு. ஆனா நீ இருந்தியே.

ஷோல்பன்: நானா?

ஒராஸ்: என் ரத்தம் உன்கிட்ட இருந்துதே! முப்பத்தொரு குழாயையும் அந்தப் பைத்தியக்காரி ஒண்ணு விடாம பார்த்திருப்பா, என்னுதுல கோளாறு இருந்தா ஓடி வந்து கையைப் பிடிச்சு நிறுத்துவான்னு நினைச்சேன். வாயைத் திறக்க எனக்கு வழி இல்ல, உனக்கு இருந்துது. கடைசி நாள் வரைக்கும் வாசலைப் பார்த்தேன். நீ ஒண்ணும் சொல்லல. சரி, எனக்கு இல்லைன்னு அர்த்தம்னு படுத்துட்டேன்.

ஷோல்பன்: அண்ணே, நான்...

ஒராஸ்: என்ன, ரொட்டி தொண்டையில சிக்கிடுச்சா? நீ திங்கவே இல்லையே.

ஷோல்பன்: சுத்தமான கிளைன்னு... உங்க குழாயை ஓரமா வச்சிட்டேன்ணே. கடைசியில பார்த்துக்கலாம்னு.

ஒராஸ்: ம். நான் முதல்ல நீட்டின கை, நீ கடைசியில வச்சிட்டே.

கால்யா: அரை மணி ஆச்சும்மா. அழறதா இருந்தா வெளிய போய் அழுங்க, மத்தவங்க பயப்படறாங்க.

ஒராஸ்: இரு கால்யா, இன்னும் கொஞ்சம். ஷோல்பன், கண்ணைத் துடை. என் பொண்ணுக்கு இருக்குமா?

ஷோல்பன்: பாதிக்குப் பாதி. அதான் ஓடி வந்தேன். இருக்குன்னு வச்சுக்கங்க, ஒண்ணைக் குடுத்துட்டு ஒண்ணோட நிப்பா. இதே நாற்காலிண்ணே. அதுவும் நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும் காத்திருக்காது. உங்களுக்குள்ள போற கிட்னியும் அதே ஒழுகல் கிட்னியாத்தான் இருக்கும்.

ஒராஸ்: டாக்டர்கிட்ட நீயே சொல்லிடு, ஏதாவது காரணம் சொல்லி.

ஷோல்பன்: காரணம் கேட்பாங்க. அக்போத்தா கேட்பா. 'தாத்தாவுக்கு இல்லையே, அப்பாவுக்கு எப்படி வந்துது'ன்னு அவளே கேட்பா, மக்கு இல்ல அவ. உங்க வாயால முதல் பேரை மாத்தினாத்தான் மரம் மாறும். மரம் மாறினாத்தான் அவளுக்கு டெஸ்ட்.

ஒராஸ்: இன்னும் ஒரு மணி நேரத்துல அப்பா வந்துடுவார். டயாலிசிஸ் முடிஞ்சா என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது அவர்தான். எண்பத்தொரு வயசுல என் கையைப் பிடிச்சுப் படி இறக்கி விடறார். நான் அவருக்குச் செய்ய வேண்டியது.

ஷோல்பன்: தெரியும்ணே.

ஒராஸ்: உனக்கு ஒண்ணும் தெரியாது. நாப்பது வருஷம் ஒரு பேச்சைப் பல்லுக்கு நடுவுல வச்சிருந்தா தாடை எப்படி வலிக்கும்னு தெரியுமா உனக்கு? அவர் சாகறவரைக்கும் தாங்கிடலாம்னு இருந்தேன். எனக்காகன்னா தாங்கிடுவேன்... சீ, பதினாலாம் தேதியா இருக்கணுமா?

ஷோல்பன்: இன்னும் ஒன்பது நாள்.

ஒராஸ்: என் பிள்ளையை அறுத்து அப்பா மானத்தைக் காப்பாத்த மாட்டேன். கால்யா! கால்யா!

கால்யா: கையை ஆட்டாதீங்கன்னு சொன்னேன்ல? என்ன?

ஒராஸ்: டாக்டரை வரச் சொல்லு. குடும்ப விவரத்துல ஒரு பேரு தப்பா இருக்கு, மாத்தணும். என் பொண்ணு ஆபரேஷனையும் நிறுத்தச் சொல்லணும்.

கால்யா: சும்மா சொன்னா நிறுத்துவாரா? ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?

ஒராஸ்: இருக்கு, தங்கச்சி கொண்டு வந்திருக்கா. நீ போய் டாக்டரைக் கூப்பிடு... அப்பா வந்ததும் கதவு திறந்தே இருக்கட்டும். கேட்கட்டும். மூடி மூடி வச்சது போதும். ஷோல்பன், பேப்பரை எடு.

ஷோல்பன்: நான்... அல்மாத்தி போய் புதுசா ஒண்ணு அடிச்சு அனுப்பறேண்ணே. நாளைக்கே வந்துடும்.

ஒராஸ்: பையில நீட்டிக்கிட்டிருக்கே அது என்ன? என் பேரு போட்டிருக்கு, இங்கேர்ந்தே தெரியுது.

ஷோல்பன்: இது பழசு... இது வேண்டாம்.

ஒராஸ்: போன மாசம் எடுத்த டெஸ்ட், அதுக்குள்ள எப்படிப் பழசாகும்? குடு இங்க.

ஷோல்பன்: அண்ணே...

ஒராஸ்: டாக்டர் வர்றார் பாரு. இப்போ என்ன தயக்கம் உனக்கு? சொல்ல வேண்டியதை எல்லாம் நான் சொல்லப்போறேன், நீ ஒரு காகிதத்தை நீட்டறதுக்கு என்ன?

ஷோல்பன்: மேல தேதி போட்டிருக்குண்ணே. நாலு வருஷம் முன்னாடி, நீங்க கிட்னி குடுத்த ஆபரேஷனுக்கு நாலு நாள் முந்தின தேதி. அப்பவே படிச்சேன். எர்சாயின் அண்ணனுக்கு வேற ஆள் கிடைக்கல... மடிச்சு உள்ள வச்சுட்டேன்.